இடியும் மலையும்: வெள்ளியங்கிரி ஏறப் போகும் பிள்ளைகளுக்கு

பதிவு இந்த முறை கொஞ்சம் நீளம். காலையில் காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். இப்போது பனியன் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எனக்கு இன்னமும் பையன்தான்.

"சார், சித்ரா பௌர்ணமிக்கு வெள்ளியங்கிரி போறோம் சார். கம்பெனி பசங்க ஏழு பேரு. ஆசீர்வாதம் பண்ணுங்க."

"சந்தோஷம்பா. எத்தனை மணிக்கு ஏறுறீங்க?"

"நைட் ஷிப்ட் முடிச்சு அப்படியே கிளம்புறோம் சார். பூண்டி போய்ச் சேர பத்து, பத்தரை ஆயிடும். அப்புறம் ஏற வேண்டியதுதான்."

"நல்லபடியா போயிட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நெஞ்சில் சுரீர் என்றது. பத்தரைக்கு ஏற ஆரம்பித்தால் ஏழாவது மலையில் மதியம் மூன்று மணிக்கு நிற்பார்கள். சித்திரை மாதத்தில் மதியம் மூன்று மணிக்கு அந்த இடத்தில் ஒருமுறை நான் நின்றிருக்கிறேன். அந்தக் கதையை முப்பது வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். இன்று முழுசாக எழுதுகிறேன்.

நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு மலை என்றாலே கொஞ்சம் ஆச்சரியம். இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் மானாவாரிக் காடு. உயரமாக இருப்பது பனைமரமும் செல்போன் டவரும்தான். வெள்ளியங்கிரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவைக்கு மேற்கே 40 கிலோமீட்டர் போல போனால் பூண்டி. அங்கே அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோயில். அதற்குப் பின்னால் தொடங்குவது ஏழு மலை. தென்கயிலாயம் என்று பெயர். முதல் மலை முழுக்கச் செங்குத்தான கல்படி. முட்டி அங்கேயே பாதி போய்விடும். பிறகு கைதட்டிச் சுனை, ஒட்டர் சமாதி, பீமன் களியுருண்டை என்று ஒவ்வொரு மலைக்கும் ஒரு அடையாளம், ஒரு கதை. ஆறாவது மலையில் ஆண்டி சுனை. அதில் குளித்தால் உடம்பு வெடவெடக்கும். ஏழாவது மலை ஏறத்தாழ 6,000 அடி உயரம். அங்கே மரம் கிடையாது. புல்லும் பாறையும்தான். உச்சியில் பெரிய பாறைகளுக்கு நடுவே சுயம்பு லிங்கம். பிப்ரவரி தொடங்கி மே முடிய வனத்துறை மலையேற விடுகிறது. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் தாங்காது. மூங்கில் தடியைக் கையில் வாங்கிக்கொண்டு லட்சக்கணக்கில் ஏறுகிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிப்ரவரியில் ஏறுகிறவனுக்குக் குளிர்தான் எதிரி. ஏப்ரல், மே மாதத்தில் ஏறுகிறவனுக்கு எதிரி வேறு. பாடப் புத்தகத்தில் "மாஞ்சாரல்" என்று படித்திருப்பீர்கள். கோடை மழை. பெயரைக் கேட்டால் ஏதோ பன்னீர் தெளிப்பது போல இருக்கும். உண்மையில் அது இடிமழை. காலையெல்லாம் வெயில் தரையைக் காய்ச்சுகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. அரபிக்கடல் ஈரக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலை முகடுகளைத் தாண்டியும் வந்து சேருகிறது. மலைச்சரிவு அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. பதினொரு மணிக்குப் பஞ்சுப்பொதி போல இருந்த மேகம் இரண்டு மணிக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்ந்து கார்திரள் மேகமாகிவிடும். அதற்குள்ளே பனிக்கட்டித் துகள்களும் ஆலங்கட்டியும் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் பிரிகிறது. அப்புறம் மின்னல். கேரளம், தமிழ்நாட்டு மேற்கு மலைப்பகுதியில் இடி மின்னல் அதிகமாக வரும் காலம் இரண்டு: ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் இன்னொன்று. பெரும்பாலும் நண்பகல் தாண்டி, சாயங்காலம் வரை.

அதாவது, சித்ரா பௌர்ணமி நிலவுக் கணக்கில் வருகிறது. இடி வெயில் கணக்கில் வருகிறது. இரண்டும் ஒரே மாதத்தில் ஒரே மலையில் சந்தித்துக்கொள்கின்றன.

1994 மே மாதம். பள்ளிக்கு விடுமுறை. நான், என் மைத்துனன் (மனைவியின் தம்பி), என்னோடு ஆசிரியர் பயிற்சி முடித்த இரண்டு நண்பர்கள், ஆக நாலு பேர் கிளம்பினோம். விருத்தாசலத்திலிருந்து சேலம், சேலத்திலிருந்து கோவை என்று பஸ் மாறிப் போய்ச் சேருவதற்குள் விடிந்து நேரமாகிவிட்டது. அடிவாரத்தில் இட்லி சாப்பிட்டு, தடி வாங்கி, ஏறத் தொடங்கும்போது மணி ஒன்பதரை. எதிரே ஜனங்கள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். "என்னடா, எல்லாரும் எறங்குறாங்க, நாம மட்டும் ஏறுறோம்" என்று சிரித்துக்கொண்டே ஏறினோம். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆறாவது மலையை அடையும்போது இரண்டரை மணி. மேற்கே வானம் ஈயச் சட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. தூரத்தில் உருமல். என் மைத்துனனுக்கு அப்போது வயது 24. அவன்தான் சொன்னான்:

"மாமா, இருட்டிக்கிட்டு வருது. எறங்கிடலாம் மாமா."

நான் சொன்னது இது, வார்த்தை மாறாமல்: "இவ்ளோ தூரம் வந்துட்டு சாமி பாக்காம போறதா? அரை மணி நேரம்தான், வாடா மாப்ள."

ஏழாவது மலையில் பாதி ஏறியிருப்போம். பனிமூட்டம் வந்து மூடியது. மழை இன்னும் விழவில்லை. நண்பர் ஒருவர் கையில் குடை வைத்திருந்தார். அதன் கம்பி முனையிலிருந்து வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். முன்னங்கையைப் பார்த்தேன். ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. குளிரில் சிலிர்க்கும் சிலிர்ப்பு இல்லை அது. யாரோ மேலேயிருந்து பிடித்து இழுப்பது போல.

இங்கே கதையை நிறுத்திவிட்டு உங்களை ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப் போகிறேன். ஏனென்றால் எனக்கு 99 வருஷத்துக்கு முன்னால் ஒருவருக்கு இதே மாதிரி மலைமேல் ரோமம் நின்றிருக்கிறது. இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன்.

பிரிட்டனிலேயே உயரமான மலை பென் நெவிஸ். 1,345 மீட்டர்தான், நம் வெள்ளியங்கிரியைவிடக் குட்டை. அதன் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வுக்கூடம் இருந்தது. மழையோ பனியோ, ஆட்கள் மலைமேலேயே தங்கி அளவெடுத்தார்கள். 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் என்ற 25 வயது இளைஞர் அங்கே இரண்டு வாரம் வேலை பார்த்தார். மேகத்தின் மேல் விழும் தன் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிவதைப் பார்த்து மயங்கிப்போனார். அதைச் சோதனைச் சாலையில் செய்து பார்க்கலாம் என்று தொடங்கிய முயற்சிதான் முகில் அறையாக முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள் போகும் பாதையைக் காட்டும் அந்தக் கருவிக்காக 1927-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இவ்வளவும் பலர் அறிந்த கதை. அறியாத பாதி இது: 1895 ஜூனில் அவர் மறுபடி அந்தப் பக்கம் போனார். பென் நெவிஸுக்கு எதிரே உள்ள கார்ன் மோர் டியார்க் என்ற மலைமேல் நின்றபோது அவர் தலைமயிர் எழுந்து நின்றது. வில்சன் என்ன செய்தார் தெரியுமா? நின்று ஆராய்ச்சி செய்யவில்லை. ஓட்டம் பிடித்தார். கீழே நோக்கி. பின்னால் மின்னல் வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஆயுசு முழுக்க இடிமேகத்தின் மின்சாரத்தை ஆராய்ந்தார்.

ரோமம் நிற்பதன் பொருள் இதுதான். மேகத்தின் அடியில் சேர்ந்த மின்னூட்டம் நம் காலுக்குக் கீழே உள்ள தரையில் எதிர் மின்னூட்டத்தை இழுத்துச் சேர்க்கிறது. அது உயரமான, கூரான எந்தப் பொருள் வழியாகவும் மேலே கசியப் பார்க்கிறது. குடைக்கம்பி, பாறை முனை, மனிதத் தலை. மேலேயிருந்து இறங்கும் மின்னலைக் கீழேயிருந்து ஒரு கை நீட்டி வரவேற்பது போல. அந்த வரவேற்புக் கை நம் தலையிலிருந்து கிளம்புகிறது என்று உடம்பு சொல்கிறது. அதற்கப்புறம் கிடைக்கும் அவகாசம் சில விநாடியாகவும் இருக்கலாம்.

எனக்கு இது எதுவும் தெரியாது. நான் வில்சன் மாதிரி ஓடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓடச் சொன்னவர் ஒரு பெரியவர். சுக்குக் காபி விற்கிறவர், அடிவாரத்து ஊர்க்காரர். தூக்குப் போசியோடு மேலேயிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். "ஏனுங்க சாமி, மேல போவாதீங்க! அந்தக் குடையப் போடுங்க! பாறையண்ட நிக்காதீங்க, எறங்குங்க, ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிக்காதீங்க!" என்று கத்தினார். நாங்கள் இறங்கத் தொடங்கினோம். மைத்துனன் எனக்குப் பத்துப் பதினைந்தடி பின்னால் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு கால் வைத்தான். அப்போதுதான் விழுந்தது.

வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் திறந்தால் உலகம் வெள்ளையாக இருந்தது. ஏதோ கருகிய வாசனை. திரும்பிப் பார்த்தால் அவன் பாறைக்குக் கீழே மடிந்து கிடக்கிறான். மின்னல் அவன்மேல் விழவில்லை. மேலே முகட்டில் எங்கோ விழுந்து, ஈரமான பாறை வழியாகத் தரையில் பரவி வந்த மின்சாரம் அது. ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே, பாறையில் வைத்த கைக்கும் காலுக்கும் நடுவே பாய்ந்திருக்கிறது. மின்னலால் அடிபடுகிறவர்களில் நேராகத் தலையில் விழுந்து அடிபடுகிறவர்கள் கொஞ்சம்தான். தரை வழியாகவும், பக்கத்து மரம் பாறையிலிருந்து தாவியும் அடிபடுகிறவர்களே அதிகம்.

நாங்கள் மூன்று படித்த ஆசிரியர்களும் அவனைத் தொடப் பயந்து நின்றோம், ஷாக் அடிக்கும் என்று. பெரியவர்தான் போய்த் தூக்கினார். மின்னல் அடித்த உடம்பில் மின்சாரம் தங்கி நிற்காது. உடனே தொடலாம், தொட வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால் அந்த நிமிஷமே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் பலரைப் பிழைக்க வைக்கலாம். இவனுக்கு மூச்சு இருந்தது. கால் இரண்டும் மரத்துப்போய் நீல நிறமாகிவிட்டன. பெரியவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து உணர்ச்சி வந்தது. வலது காது மட்டும் திரும்பி வரவில்லை. கோவையில் காட்டியபோது செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். பிறகு பல வைத்தியம் பார்த்தும் அந்தக் காது இன்று வரை மந்தம்தான்.

வீட்டுக்கு வந்து "மலையில் வழுக்கி விழுந்துட்டான்" என்று சொன்னோம். அவனும் அதையே சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். என்னிடம் படித்தவர்கள் எல்லோருக்கும் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்ட கதை ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் நடித்துக் காட்டுவேன். நூல், சாவி, எல்லாம். அந்தப் பாடத்தில் இரண்டு விஷயத்தை நான் சொல்லாமல் விட்டேன். ஒன்று, பிராங்க்ளின் எழுதி வைத்த யோசனைப்படி மேகத்திலிருந்து முதலில் மின்சாரத்தை இறக்கிக் காட்டியது பிரான்ஸில், 1752 மே 10 அன்று, மார்லி என்ற கிராமத்தில், தாலிபார் என்பவர் நட்டு வைத்த இரும்புக் கம்பியில். அதுவும் ஒரு மே மாதத்துப் பிற்பகல் இடிமழைதான். இன்னொன்று, அடுத்த வருஷம், 1753-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மான் என்ற பேராசிரியர் இதே சோதனையைச் செய்யப் போய் மின்னல் தாக்கிச் செத்துப்போனார். பிராங்க்ளின் கதையைச் சொன்ன நான் ரிச்மான் கதையைச் சொல்லவில்லை. மின்னல் என்றால் ஏதோ சாவியைத் தட்டினால் பொறி வரும் வேடிக்கை என்று நாற்பது பிள்ளைகள் வீதம் எத்தனை வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன்!

வீட்டில் கற்றதும் அவ்வளவுதான். இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று என் அம்மா சொல்லும். அரிவாள், கடப்பாரையை வாசலில் தூக்கிப் போடும். பயத்துக்கு அது ஒரு மருந்து, குறை சொல்லவில்லை. ஆனால் இரும்பு மின்னலைத் தேடி இழுப்பதில்லை. உயரமும் தனித்து நிற்பதும்தான் இழுக்கும். அடுத்தது, "ரப்பர் செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது" என்கிற நம்பிக்கை. விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கானில் ஃப்யூஸ் கட்டை செய்கிறார்களே, அது வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டைத் தடுக்கும். கிலோமீட்டர் கணக்கில் காற்றையே பிளந்துகொண்டு வருகிற ஒன்றுக்கு அரை அங்குல ரப்பர் எம்மாத்திரம்? அப்புறம் வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும் "கோபுரக் கலசமும் அதிலுள்ள வரகும் ஊரையே இடியிலிருந்து காக்கும்" என்ற செய்தி. எனக்கும் பெருமை பேச ஆசைதான். ஆனால் கலசத்திலிருந்து தரைக்குள் இறங்கும் தாமிரப் பட்டை இல்லாவிட்டால் மின்னல் சுதை வழியாகத்தான் இறங்கும், சுதை சிதறும். தயவுசெய்து எனக்கு அதை அனுப்பாதீர்கள்.

கட்டடத்துக்குள் ஒதுங்கினால் போதுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் விட்னி என்று ஒரு மலை. 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அந்த நாட்டிலேயே உயரம். நம்ம வெள்ளியங்கிரி மாதிரி அங்கேயும் கோடையில்தான் கூட்டம். 1904 ஜூலையில் உச்சியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அரசு ஊழியர் ஒருவர் மின்னலில் இறந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1909-இல், அங்கே ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தங்கக் கல்லால் ஒரு குடில் கட்டினார்கள். கல் சுவர், தகரக் கூரை. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். 1990 ஜூலையில் ஒரு பிற்பகல் 13 பேர் மழைக்கு அதற்குள் ஒதுங்கினார்கள். மின்னல் கூரையில் இறங்கி உள்ளே இருந்தவர்களைத் தாக்கியது. ஒரு இளைஞர் இறந்தார். தரைக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் அமைப்பு இல்லாத குடில் குடிலே இல்லை. நம் நாட்டில் 2021 ஜூலை 11-ஆம் தேதி ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு எதிரே குன்றின் மேலுள்ள காவல் கோபுரத்தில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மழையை ரசிக்க ஏறியவர்கள், செல்பி எடுத்தவர்கள். 11 பேர் போனார்கள்.

அப்படியானால் நம் முன்னோர் எப்படி ஏறினார்கள்? இதைத்தான் நான் பல வருஷம் யோசித்தேன். வெள்ளியங்கிரியில் விவரம் தெரிந்தவர்கள் ராத்திரியில் ஏறுவார்கள். நிலா வெளிச்சத்தில் ஏறி, விடியலில் உச்சியில் நின்று, சூரியனைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவார்கள். பௌர்ணமியில் ஏன் என்றால் வெளிச்சத்துக்காக. ராத்திரியில் ஏன் என்றால் வெயிலுக்குப் பயந்து என்பார்கள். அந்தக் கணக்கில் இடிக்கும் சேர்த்தே பதில் இருக்கிறது. நாங்கள் 1994-இல் எதிரே பார்த்த கூட்டம் அதுதான். அவர்கள் முடித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு ஏறினோம்.

நம் மலைகளில் வானத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. நீலகிரி தொட்டபெட்டாவில் 1847-48-இல் சென்னை வானியலாளர் டெய்லரின் மேற்பார்வையில் வானிலை அளவுகள் எடுத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பொதிகை. அகத்தியர் மலை, 1,868 மீட்டர். திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆய்வுக்கூடத்துக்கு இயக்குநராக 1852-இல் வந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்தியர் மலை உச்சியில் 1855-இல் இன்னொரு ஆய்வுக்கூடம் அமைத்தார். காட்டில் வழி உண்டாக்கி, கருவிகளையும் ஆட்களையும் மேலே கொண்டுபோய், திருவனந்தபுரத்திலும் மலை உச்சியிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழுக்கு இலக்கணம் சொன்ன முனிவர் இருந்ததாக நாம் நம்பும் மலையில் காற்றழுத்தமானியும் காந்தமானியும் வைத்து ராப்பகலாகக் காவல் இருந்திருக்கிறார்கள்! இன்று அந்த மலைக்குக் கேரள வனத்துறை முன்பதிவு செய்து அனுப்புகிறது. ஜனவரியில் தொடங்குகிறது. மார்ச்சுக்குள் முடித்துவிடுகிறது. கோடை இடி தொடங்கும்போது மலை மூடியிருக்கும்.

நம் பக்கம் இந்தப் புத்தி ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்த பிறகே வந்திருக்கிறது. 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்குப் போனவர்கள் கோடை மழையின் திடீர் வெள்ளத்தில் ஓடையில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மேலே எங்கோ பெய்தால் கீழே ஓடையில் வந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ. இடியோடு சம்பந்தமில்லை. ஆனால் அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாட்டில் விதிமுறைகள் வந்தன.

இந்தப் பதிவை எழுதத் தள்ளிய இன்னொரு காரணம் மலையில் இல்லை, நம் ஊரில் இருக்கிறது. 2025 அக்டோபர் 16. வேப்பூருக்குப் பக்கத்தில் கழுதூரில் மக்காச்சோளக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்துபோனார்கள். எல்லோரும் பேப்பரில் படித்திருப்பீர்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அன்றைக்கு எனக்குப் போன் செய்து, "சார், யாரு சார், நம்மாளுங்களா?" என்று கேட்டார்கள். நம் ஆட்கள்தான். வெயிலோ மழையோ காட்டு வேலைக்குப் போகிற நம் பெண்கள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பகுதியில் 30 வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். இடியைப் பற்றிப் பரீட்சையில் கேள்வி கேட்டிருக்கிறேன், மார்க் போட்டிருக்கிறேன். "இடிச்சத்தம் காதில் விழுந்தால் கொத்தைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்கு வா, மரத்தடிக்குப் போகாதே" என்று ஒரு நாளாவது ஒரு பிள்ளையிடமாவது சொல்லியிருக்கிறேனா? மலையிலிருந்து அந்தக் கதையைக் கொண்டுவந்து வகுப்பில் சொல்லியிருந்தால், கேட்ட பிள்ளை வீட்டில் அம்மாவிடம் சொல்லியிருக்கும். வெட்கத்தால் மறைத்தேன். சொல்லியிருந்தாலும் அரை நாள் கூலி போகுமே என்று நின்றிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நிலத்துக்காரர்களாக இருக்கும் என் மாணவர்கள் இதைப் படித்தால், இடி கேட்கும் நாளில் பாதி வேலைக்கும் முழுக் கூலி கொடுத்து அனுப்புங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். இந்தியாவில் 2022-இல் மட்டும் 2,887 பேர் மின்னலால் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. மலையேறப் போனவர்கள் அதில் சொற்பம். காட்டிலும் வயலிலும் வேலை பார்த்தவர்கள்தான் பெரும்பாலோர். மலைக்குப் போகிறவனுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

மறுநாள் திருப்பூர்ப் பையனுக்கு நானே போன் செய்தேன். என் மைத்துனன் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு விவரமாகச் சொன்னேன்: ஷிப்ட் முடித்த உடம்போடு ஏறக்கூடாது, தூங்கி எழுந்து போ. வெள்ளியங்கிரியில் மூச்சுத் திணறியும் நெஞ்சுவலி வந்தும் வருஷா வருஷம் ஆட்கள் இறக்கிறார்கள். வனத்துறையிடம் நேரத்தையும் வானிலையையும் கேட்டுக்கொண்டு ராத்திரியில் ஏறு. பதினொரு மணிக்கு எங்கே இருந்தாலும், சாமிக்கு நூறு அடி கீழே இருந்தாலும், திரும்பு. மின்னல் பார்த்ததும் எண்ணத் தொடங்கு. மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அது அடிக்கும் தூரம்தான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் மறுபடி ஏறாதே. முகட்டில் மாட்டிக்கொண்டால் உடனே தாழ்வான பக்கம் இறங்கு. ஏழு பேரும் தள்ளித் தள்ளி நடங்கள், ஒருத்தனுக்கு ஏதாவது ஆனால் தூக்க ஆறு பேர் வேண்டும். தனி மரம், பாறைப் பொந்து, தகரக் கொட்டகை மூன்றும் வேண்டாம். போனில் 'தாமினி' செயலியைப் போட்டுக்கொள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம் செய்தது, பக்கத்தில் மின்னல் இருந்தால் சொல்லும். ஆனால் மலையில் டவர் கிடைக்காது, அதை நம்பி ஏறாதே.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் அவன் கேட்டது: "சார், அவ்ளோ தூரம் போயிட்டு சாமி பாக்காம திரும்பினா தெய்வக் குத்தம் இல்லையா சார்?"

1994-இல் நான் கேட்ட அதே கேள்வி. "எங்க மைத்துனரையே கேளு" என்று நம்பரைக் கொடுத்தேன். அவனுக்கும் இவனுக்கும் என்ன பேச்சு நடந்தது என்று தெரியவில்லை. நேற்று மைத்துனன் வீட்டுக்கு வந்தபோது, போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டே, "மாமா, அந்தப் பையன் நல்ல பையன். நானும் கூட வரட்டுமான்னு கேட்டேன், வாங்கன்னான்" என்றான். வயது 56. அந்த உச்சியை அவன் இன்னும் பார்த்ததில்லை. இந்தப் பதிவைப் போடச் சொன்னதும் அவன்தான். "இனிமே என்ன மாமா, அக்காகிட்டயும் சொல்லிடுங்க" என்றான். சொன்னேன். இரண்டு நாளாக வீட்டில் எனக்குக் காபி கொஞ்சம் ஆறித்தான் வருகிறது.

இன்று காலை திருப்பூரிலிருந்து மெசேஜ்: "ஷிப்ட் மாத்திட்டேன் சார். மொதநாளு பகல்ல தூங்கிட்டு ராத்திரி ஒம்பதுக்கு ஏறுறோம். மாமாவையும் கூட்டிட்டுப் போறோம்."